‘அழி’ என்று அடிக்கும் முன்: நம் விளையாட்டு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகி அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

போன புதன்கிழமை விடியற்காலை. பாயான் லெப்பாஸில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் பட்டர்வொர்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் பாலத்தில் ஏறியதும், சரி, கொஞ்ச நேரம் கட்டலாம் என்று போனில் நம் விளையாட்டுக்குள் போனேன். படமே இல்லாமல், கட்டளை அடித்து எழுத்தாலேயே அறைகள் கட்டிப் பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு. அங்கே நான் கட்டிய ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்றேன். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பாத்திரத்துக்கு ஒரு வசனம் எழுதி முடிப்பதற்குள் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது: நீங்கள் நின்ற இடம் இப்போது இல்லை, உங்களை லிம்போவுக்கு அனுப்புகிறோம்.

நம் விளையாட்டு ஓடும் எவெனியா மென்பொருளில் லிம்போ 2ஆம் எண் அறை. போக்கிடம் இல்லாததெல்லாம் போய்ச் சேரும் இடம். அங்கே என் ரப்பர் பால் வாளிகள் பதினான்கும், மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளும், நெற்றி விளக்கும், பக்கத்தில் மண்டோரும் கிடந்தார்கள். வாடகை கட்டாதவன் வீட்டுச் சாமானை ரோட்டில் இறக்கிவைத்த மாதிரி.

நடந்தது என்ன என்று பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களில் ஒருவர் யாரும் தொடாத பழைய அறைகளைத் துப்புரவு செய்திருக்கிறார். ஒவ்வொன்றாக அழிக்கச் சோம்பல்பட்டு, ‘அழி 340-371’ என்று எண் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். நிச்சயமா என்று அது கேட்டிருக்கும், ஆமாம் என்றிருப்பார். என்னுடைய பதினொரு அறைகள் அந்த வரிசைக்குள் இருந்தன.

அந்த அறைகள் ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். என் பாட்டி பால் வெட்டிய தோட்டத்து லயம். பொதுக்குழாய், ஆறு கதவு, மாரியம்மன் கோயில், பால் நிறுக்கும் ஸ்டோர், இருட்டோடு பேர் கூப்பிடும் பெரட்டுக் களம். குழாயடியில் ‘பார்’ என்று அடித்தால், எந்த வீட்டு வாளி முதலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரம்மாவின் பெயர் வரும். பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதிய பெயர்கள் அவை. மூன்று மாத வேலை. கட்டளைகளையெல்லாம் வரிசையாகப் பேட்ச் ஃபைலாக எழுதி வைத்திருந்தால் ஒரே கட்டளையில் திரும்பக் கட்டியிருக்கலாம். நான் போனிலேயே கையால் கட்டினேன். அது என் தப்பு. பேக்கப்பை எடுத்துப் போட்டால் எல்லாருக்கும் ஒரு வாரம் பின்னால் போகும் என்றீர்கள், அதுவும் நியாயம். அதனால் அறைகளைக் கேட்டு இதை எழுதவில்லை.

அழித்தது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஏன் நான்கு நாள் ஆனது? அதற்குத்தான் எழுதுகிறேன்.

எவெனியாவில் விருந்தாளி, ஆட்டக்காரர், உதவியாளர், பில்டர், நிர்வாகி, டெவலப்பர் என்று ஆறு படி. அதற்கும் மேலே சூப்பர்யூசர். தோட்டத்தில் மண்டோர், கணக்கு எழுதும் கிராணி, எல்லாருக்கும் மேலே துரை என்று இருந்த மாதிரிதான். பில்டர் தான் கட்டியதை மட்டும் அழிக்கலாம். நிர்வாகி யார் கட்டியதையும் அழிக்கலாம். இதில் எனக்குத் தகராறு இல்லை. யாராவது ஒருவர் குப்பை அள்ளத்தான் வேண்டும். ஆனால் துரை லயத்தை இடிக்கச் சொன்னாலும் கிராணி வந்து சொல்லிவிட்டுத்தான் இடிப்பார்.

இன்னொன்று, சின்ன விஷயம். தீபாவளிக்கு முந்திய நாள் கடைத்தெரு அறையில் பத்துப் பேர் இருக்கும்போது என் பாத்திரம் திடீரென்று ‘தலைவர் வாழ்க’ என்றது. நான் அடிக்கவில்லை. உங்களில் ஒருவர், அடுத்தவர் பாத்திரத்தை ஆட்டிவைக்கும் ‘செய்யவை’ கட்டளையைப் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, “சும்மா வெளாட்டுக்குத்தான்லா” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அங்கிருந்த பத்துப் பேருக்கும் அது நான் சொன்னதுதான். கட்டளை போட்டவருக்கு மட்டும் ‘செய்யவைத்தீர்கள்’ என்று வரும். மற்றவர் திரையில் ஒன்றும் வராது.

சூப்பர்யூசர் அண்ணனுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கணக்குக்கு எந்தப் பூட்டும் பூட்டில்லை. அதனால்தான் கிட்டங்கிக் கதவு திறக்கவில்லை என்று நாங்கள் மூன்று வாரம் கத்தியும் “எனக்குத் திறக்குதே” என்றீர்கள். ‘குவெல்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் உங்கள் அதிகாரம் அடங்கி, எங்களைப் போலக் கதவு முன்னால் நிற்பீர்கள். விளையாட வரும்போதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததில்லை. இந்த மாதிரி எழுத்து விளையாட்டுக்கு ‘மட்’ (MUD) என்று பெயர். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டிலும் சேர்ந்து வளர்த்த முதல் ‘மட்’ விளையாட்டில், புள்ளி சேர்த்து ஜெயித்தவரே விசார்ட், அதாவது நிர்வாக அதிகாரம் உள்ளவர், ஆனார். அதிகாரம் பரிசாக வந்தது. 1992இல் லாம்டாமூ என்ற இதே மாதிரி விளையாட்டை நடத்திய பேவல் கர்ட்டிஸ், ஆட்டக்காரர்களின் சண்டையில் இனி விசார்ட்கள் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்கள் என்று அறிவித்தார். நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. 1996இல், அப்படி ஒதுங்கியிருக்க முடியவில்லை என்று திரும்பி வந்தார்கள். ஆகவே நீங்கள் ஒதுங்குங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒதுங்கினால் யார் சர்வர் பில் கட்டுவது?

கேட்பது இவ்வளவுதான். நிர்வாகி கை அடுத்தவர் பொருள்மேல் பட்டால், பொருளுக்கு உரியவருக்கு ஒரு வரி போகட்டும்: யார், எப்போது, என்ன செய்தார். ‘அழி’, ‘செய்யவை’, ‘இடம்மாற்று’ மூன்றுக்கும். கட்டளைகளுக்குத் தமிழ்ப்பெயர் வைக்கத் திறந்த அதே பைத்தான் ஃபைலில் இன்னும் பத்துப் பதினைந்து வரிதான். நானே எழுதித் தருகிறேன். அப்புறம் பென்மஷ் என்ற இன்னொரு மட் மென்பொருளில் இருப்பதுபோல, அழி என்றதும் அழியாமல் குறி மட்டும் விழட்டும். அடுத்த துப்புரவு வரும்வரை உரியவர் மீட்டுக்கொள்ளலாம். அந்த வசதி இருந்திருந்தால், புதன்கிழமை பஸ் பாலத்தை விட்டு இறங்குவதற்குள் என் லயத்தை மீட்டிருப்பேன்.

குழாயடியை நேற்றுத் திரும்பக் கட்டிவிட்டேன், இந்த முறை பேட்ச் ஃபைலோடு. இரண்டு பெயர் மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் கேட்க வேண்டும். அதுவரை லிம்போவில் கிடக்கும் வாளிகளை யாரும் குப்பை என்று அள்ளிவிட வேண்டாம். மண்டோரையும்தான்.

இப்படிக்கு,
உங்கள் பில்டர்களில் ஒருவன்,
பட்டர்வொர்த்