ஸ்கோரோடு இதையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் என்றால் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் இரண்டு வகைச் செய்திகள்தான் வருகின்றன. ஒன்று, ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் நிலை. மற்றொன்று, பிள்ளைகள் செல்போனைக் கீழே வைப்பதில்லை என்ற கவலை. இரண்டும் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் ஒரு விளையாட்டில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து எட்டிய உயரத்தை எப்படி எழுதுவது என்பது நமக்கு இன்னும் பிடிபடவில்லை. கிரிக்கெட்டில் சதம் என்றால் எத்தனை பந்து, எந்த மைதானம், எதிரில் யார் வீசினார்கள் என்று எழுதுகிறோம். கேம் என்றால் ‘சிறுவன் சாதனை’ என்ற தலைப்போடு செய்தி முடிந்துவிடுகிறது. அதனால் படிப்பவர் வியப்பதா ஒதுக்குவதா என்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டுகிறார்.

2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன் டெட்ரிஸை ‘வென்றான்’ என்ற செய்தி 2024 ஜனவரித் தொடக்கத்தில் உலகெங்கும் வந்தது. பிரிட்டனின் தொலைக்காட்சி ஒன்றில் செய்தி வாசித்தவர், வெளியே போய் நல்ல காற்று வாங்கலாமே என்றும், டெட்ரிஸை வெல்வதெல்லாம் வாழ்க்கை லட்சியமா என்றும் பேசினார். அவர் அப்படிப் பேச இடம் கொடுத்தது செய்தி எழுதப்பட்ட விதம்தான். அந்தச் சிறுவன் உண்மையில் என்ன செய்தான் என்பதைப் பல செய்திகள் விளக்கவில்லை. அதை விளக்கவே இக்கடிதம்.

திருவிழாக் கடைகளில் வாங்கிய ‘9999 இன் 1’ பிரிக் கேம் நினைவிருக்கும் வாசகர்களுக்கு டெட்ரிஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் மூலம் 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய நிரல். கிப்சன் ஆடியது நிண்டெண்டோ நிறுவனம் தன் என்.இ.எஸ். கருவிக்காக 1989இல் வெளியிட்ட பதிப்பு. அகலம் 10 கட்டம், உயரம் 20 கட்டம். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி ஒரு வரிசையை முழுதும் நிரப்பினால் அது அழியும், அதுதான் ஒரு ‘கோடு’. லெவல் கூடக்கூடக் கட்டைகள் விழும் வேகமும் கூடும். திரையில் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் ஓடுகின்றன. லெவல் 18இல் 3 படத்துக்கு ஒரு வரிசை வீதம் கட்டை இறங்கும். 19இலிருந்து 28 வரை 2 படத்துக்கு ஒரு வரிசை. லெவல் 29இல் ஒரு படத்துக்கு ஒரு வரிசை. அதாவது மேலிருந்து அடிவரை மொத்தமும் மூன்றில் ஒரு நொடி.

இந்த 29ஐத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விளையாட்டின் முடிவு என்று எல்லோரும் நம்பினார்கள். அதற்குக் காரணம் உண்டு. பொத்தானை ஓரத் திசையில் அழுத்திப் பிடித்தால் கட்டை உடனே ஒரு கட்டம் நகரும், பிறகு 16 படம் தயங்கும், அதன்பின் 6 படத்துக்கு ஒரு கட்டம் வீதம் நகரும். நான்கு கட்டம் நீளமுள்ள குச்சியை நிமிர்த்தி இடது சுவரோரம் கொண்டுபோக 5 நகர்வு வேண்டும். தொடக்கத் தயக்கத்தை விட்டுவிட்டாலும், 5 நகர்வுகளுக்கு இடையே 4 இடைவெளி, ஒவ்வொன்றும் 6 படம், மொத்தம் 24 படம். பலகையின் உயரமோ 20 வரிசை. சுவரைத் தொடும் முன் குச்சி தரையில் இருக்கும். கை எவ்வளவு பழகியிருந்தாலும் பொத்தானை அழுத்திப் பிடிப்பவருக்கு இந்தக் கணக்கிலிருந்து தப்பில்லை.

ஆகவே அழுத்திப் பிடிப்பதை விட்டுவிட்டு, பொத்தானைத் தனித்தனியாக அதிவேகமாகத் தட்டினார்கள். இதற்கு ஹைப்பர்டேப்பிங் என்று பெயர். தோர் ஆக்கர்லுண்ட் என்ற ஆட்டக்காரர் இம்முறையில் 2011இல் லெவல் 30ஐ எட்டிக் காட்டினார். 2018 டெட்ரிஸ் உலகப் போட்டியில் ஏழு முறை சாம்பியனான ஜோனஸ் நியூபவரை 16 வயது ஜோசப் சேலி இறுதி ஆட்டத்தில் வென்றதும் இதே தட்டலால்தான். ஆனால் இதில் ஒரு கேடு உண்டு. கட்டைவிரலை இறுக்கி நடுங்கவைத்தே தட்ட வேண்டியிருப்பதால் முன்கைத் தசை விரைவில் இறுகிக்கொள்ளும். சில நிமிடங்களில் வேகம் குறையும். வலியோடு தொடர்ந்தால் தசைநார் புண்படும்.

2020-21 வாக்கில் வந்த உருட்டல் முறை, ரோலிங் என்கிறார்கள், நிலைமையை மாற்றியது. கன்ட்ரோலரைத் தொடைமேல் சாய்த்து வைத்து, ஒரு கையின் கட்டைவிரலைத் திசைப் பொத்தானின் மேல் பட்டும் படாமலும் நிறுத்த வேண்டும். அது அழுத்தாது, வெறும் தடுப்பு. மறுகையின் விரல்களால் கன்ட்ரோலரின் முதுகுப்புறத்தை, கடம் வாசிப்பவர் விரல் உருட்டுவது போல, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கருவியே நகர்ந்து வந்து கட்டைவிரலில் இடித்துப் பொத்தானை அழுத்திக்கொள்கிறது. நொடிக்கு 20 தட்டு கிடைத்தால் இரண்டு தட்டுக்கிடையே 3 படம்தான். 5 நகர்வு 12 படத்தில் முடிந்துவிடும். குச்சியின் உயரத்தைக் கழித்த பிறகும் கையில் சில வரிசை மிஞ்சும். கட்டைவிரலை இறுக்கினால் இரண்டு தட்டு ஒன்றாகிவிடும், தளர்த்தினால் தட்டு பதிவாகாது. இந்த இடைநிலையைக் கைக்குப் பழக்குவதற்கே மாதங்கள் ஆகும்.

கிப்சன் லெவல் 18இல் தொடங்கினான். அங்கிருந்து 19க்குப் போக 130 கோடுகள் அழிக்க வேண்டும், அதன்பின் லெவலுக்குப் பத்துப் பத்து. 38 நிமிடம் ஆடி, லெவல் 157இல் 1,511ஆவது கோட்டை அழித்தபோது விளையாட்டு உறைந்து நின்றது. 29க்கு மேல் வேகம் கூடுவதில்லை. ஆனால் 138இலிருந்து வேறு தொல்லை. எழுதியவர்கள் பத்து வண்ணத் தொகுப்புகளை மட்டுமே வைத்திருந்தார்கள். 138இலிருந்து நிரல் அந்த அட்டவணையைத் தாண்டி, வண்ணமே அல்லாத தரவை வண்ணமாக எடுத்துக்கொள்கிறது. 146, 148 ஆகிய லெவல்களில் கட்டைகள் கறுப்புப் பின்னணியில் ஏறக்குறைய மறைந்தே போகின்றன. அதையும் அதே வேகத்தில் கடக்க வேண்டும்.

உறைந்தது ஏன் என்பது கணினி படிக்கும் மாணவர்களுக்கு நல்ல பாடம். அந்தக் கருவியின் செயலிக்குப் பெருக்கல் தெரியாது. ஒரு கோடு 40 புள்ளி, இரண்டு 100, மூன்று 300, நான்கும் ஒன்றாக அழிந்தால் 1,200. இதை லெவலோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். பெருக்கத் தெரியாததால் அத்தனை முறை திரும்பத் திரும்பக் கூட்டுகிறது. லெவல் 18இல் 19 முறை, லெவல் 157இல் 158 முறை. ஒரு கட்டத்தில் அடுத்த படம் வரைய வேண்டிய நேரம் வந்தும் கூட்டல் முடிவதில்லை. படம் வரையும் வேலை இடையில் குறுக்கிடும்போது நிரல் தவறான இடத்துக்குத் தாவி நின்றுவிடுகிறது. இந்த வாய்ப்பு லெவல் 155இலிருந்து உண்டு. எந்த லெவலில் எத்தனை கோடு அழித்தால் உறையும் என்று ஆர்வலர்கள் நிரலைப் பிரித்துப் படித்துப் பட்டியலே போட்டிருந்தார்கள். அதுவரை கணினி நிரல்கள் மட்டுமே எட்டியிருந்த அந்த இடத்துக்கு மனிதக் கை போய்ச் சேர்ந்ததுதான் செய்தி.

2024 அக்டோபரில் டெக்சாஸைச் சேர்ந்த 16 வயது மைக்கேல் ஆர்ட்டியாகா லெவல் 255ஐக் கடந்து விளையாட்டை மீண்டும் பூஜ்யத்துக்கே திரும்பவைத்தார். அது அரிய ஆட்டம், ஐயமில்லை. ஆனால் அது உறையாதபடி திருத்திய பதிப்பில் ஆடியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘முந்தைய சாதனை முறியடிப்பு’ என்று எழுதினால் இருவருக்குமே அநீதி. நூறு மீட்டரையும் நூறு மீட்டர் தடை ஓட்டத்தையும் யாரும் ஒரே பட்டியலில் போடுவதில்லை.

பதிப்பு இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். முக்கியம்தான். இன்றைய டெட்ரிஸ் பதிப்புகளில் ஏழு வடிவங்களும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி எடுத்ததுபோல வருகின்றன. ஒரு குச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான். 1989 பதிப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. 30 கட்டை தாண்டியும் குச்சியே வராமல் வறட்சி நீளலாம். குச்சிக்காக ஓரத்தில் விட்ட கிணறு அப்படியே நிற்க, அடுக்கு மேலே ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் கோடுகளை ஒவ்வொன்றாக எரித்துத் தப்பிப்பதா, காத்திருந்து 1,200ஐப் பிடிப்பதா என்ற முடிவில்தான் ஆட்டக்காரரின் தரம் தெரியும். தொலைக்காட்சி முறையும் கணக்கில் சேரும். அமெரிக்கா, ஜப்பான் முறையில் நொடிக்கு 60 படம், நம் நாட்டின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் 50. ஒரே கேமின் இரு வடிவங்களிலும் வேகம் வேறு என்பதால் பட்டியல்களும் தனித்தனி.

சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முதல் விளையாட்டை அதிவேகமாக முடிப்பவர்கள் 1-1, 1-2, 4-1, 4-2, 8-1, 8-2, 8-3, 8-4 என்று (முதல் எண் உலகம், அடுத்தது அதிலுள்ள கட்டம்) எட்டே கட்டங்களை ஆடுகிறார்கள். ஒரு கட்டம் முடிந்ததா என்பதைக் கருவி 21 படத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும். அதாவது 0.35 நொடிக்கு ஒரு பஸ் புறப்படுவதுபோல. பஸ்ஸுக்குச் சற்று முன்னால் வந்தாலும் ரொம்ப முன்னால் வந்தாலும் ஏறுவது அதே பஸ்ஸில்தான். ஒரு படம் பிந்தினால் முழு 0.35 நொடியும் போய்விடும். கடைசிக் கட்டத்தில் மட்டும் பஸ் கிடையாது, ஒவ்வொரு படமும் கணக்கு. 2021இல் ஒருவர் முதன்முறையாக 4 நிமிடம் 55 நொடிக்குள் முடித்தபோது, வெளியாருக்கு ஒரு நொடிக்கும் குறைவாகவே குறைந்ததாகத் தெரிந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு அது முதல் ஏழு கட்டங்களிலும் பிடித்த பஸ்களின் கணக்கு.

சரிபார்ப்பைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவோரும் இருக்கிறார்கள். 2020இல் மைன்கிராப்ட் என்ற விளையாட்டின் விரைவாட்டத்தில், அதாவது ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் போட்டியில், உலகப்புகழ் பெற்ற யூடியூபர் ஒருவரின் நேரங்களை நடுவர்கள் ஏற்க மறுத்தார்கள். அவர்கள் காட்டியது கணக்கு. ஆட்டத்தை முடிக்கத் தேவையான முத்து, விளையாட்டுக்குள் நடக்கும் பண்டமாற்றில் கிடைக்கும் வாய்ப்பு 423இல் 20. 262 மாற்றுகளில் 12 அல்லது 13 கிடைப்பதே இயல்பு. அவருக்குக் கிடைத்தவை 42. எதிரியை வீழ்த்தினால் பாதிக்குப் பாதி கிடைக்க வேண்டிய கோல் என்ற பொருள் 305இல் 211 முறை கிடைத்திருந்தது. பின்னர் 2021இல், வாய்ப்பைக் கூட்டும் துணைநிரல் ஒன்று தன் கணினியில் இருந்ததாகவும், அது தெரியாமல் நேர்ந்தது என்றும் அவரே சொன்னார். இப்படிக் கறாராகச் சலித்த பிறகு நிற்கும் நேரத்துக்குத்தான் மதிப்பு.

நம் வீட்டுப் பிள்ளை ஒன்று “முடிச்சிட்டேன்” என்று ஓடி வந்தால் பெற்றோர் கேட்க வேண்டியவையும் இவையே. எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, எந்த லெவலில் தொடக்கம், இடையில் சேவ் செய்ததா, தானாகத் தட்டும் டர்போ பொத்தான் அணைந்திருந்ததா. பதிவு வேண்டுமென்றால் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, திரையும் கைகளும் ஒரே சட்டத்தில் தெரியும்படி, கருவியை ஆன் செய்வதிலிருந்து நிறுத்தாமல் எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டிய பதிவை எந்த நடுவரும் ஏற்பதில்லை. பழைய கருவியைப் புது எல்.இ.டி. டிவியில் மாட்டினால் படம் தாமதமாக வரும். 50 மில்லிநொடித் தாமதம் என்றால் 3 படம் போயிற்று, பிள்ளையின் கை மெதுவென்று அர்த்தமில்லை. டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். பொத்தான் சில நேரம் பதியவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளேயிருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். தோற்கும் இடம் எதுவோ அதை மட்டும் தனியே பத்துப் பத்து முறை ஆடிப் பழக வேண்டும். முதலிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தால் ஏற்கெனவே தெரிந்த பகுதியில்தான் நேரம் கரையும். மணிக்கட்டு வலித்தால் அன்று அத்தோடு நிறுத்திவிட வேண்டும், அதில் சமரசம் கூடாது.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை இத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பண ஆட்டத்தைத் தடுத்து, இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேமை, வேறாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்கப் பிரிவாகவும் இருந்தது. தங்கள் நாளிதழிலும் இத்தகைய செய்தி விளையாட்டுப் பக்கத்தில் வர வேண்டும். வரும்போது பெயர், வயது, ஸ்கோரோடு கூடவே பதிப்பு, தொடக்க லெவல், கருவி, யார் சரிபார்த்தது ஆகிய நான்கையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டால் போதும்.

பரணில் பழைய பிரிக் கேமை இன்னும் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் ஹை ஸ்கோர் பேட்டரி இருக்கும்வரைதான் நிற்கும். பேட்டரியைக் கழற்றும் முன் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.