சாவியா, பட்டனா: வாங்கும் முன் படிக்க

அம்மாடி,

நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு ஸ்போர்ட்ஸ் காரில் ஒன்று சாவி திருகுவது, இன்னொன்று பட்டன் அழுத்துவது என்று எழுதியிருந்தாய். எஞ்சின், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் நீயே நன்றாக விசாரித்துக்கொள்வாய். இந்த ஸ்டார்ட் விஷயத்தை மட்டும் யாரும் உனக்கு முழுதாகச் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர்களுக்கு அது ஓர் அலங்காரம். எனக்கு அப்படி இல்லை. வண்டி உயிர் பெறுவதும் அந்த இடத்தில்தான், ஆபத்தில் அணைய வேண்டியதும் அந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சாவித் துவாரத்துக்குப் பின்னால் சாதாரண சுவிட்ச் ஒன்று இருக்கிறது. லாக், ஏசிசி (ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் கரண்ட்), ஆன், ஸ்டார்ட் என்று நான்கு நிலை. ஐரோப்பிய வயரிங் படங்களில் இதற்கு எண் போட்டிருப்பார்கள்: 30 என்றால் எப்போதும் பேட்டரி கரண்ட், 15 என்றால் சாவி ஆனில் இருக்கும்போது வரும் கரண்ட், 50 என்றால் ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது செல்ஃப் மோட்டாருக்குப் போவது, 31 எர்த். இந்த நாலு எண் மனதில் இருந்தால் பாதிப் படம் புரிந்துவிடும். பின்னால் தேவைப்படும், மறக்காதே.

ஆனுக்குத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு முனகல் கேட்கும். பெட்ரோல் பம்ப் சுமார் 2 விநாடி ஓடி, குழாயில் பிரஷர் ஏற்றிவிட்டு நிற்கிற சத்தம் அது. அது அடங்கிய பிறகு ஸ்டார்ட்டுக்குத் திருப்பு. 50-இல் கரண்ட் போனதும் சாலினாய்டு என்ற மின்காந்தம் சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி, எஞ்சினோடு சுழலும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பற்களில் மாட்டும், அதே அசைவில் பெரிய காண்டாக்ட் மூடும், மோட்டார் 150, 200 ஆம்பியர் இழுத்து எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் பிடித்த கணமே விரலைத் தளர்த்த வேண்டும். பிடித்தபின்னும் திருகிக்கொண்டே இருந்தால், அல்லது ஓடுகிற எஞ்சினுக்கு மறுபடி சாவி திருகினால், அந்தக் கரகரப்பு பற்கள் தேய்கிற சத்தம். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே. பிடிக்கவில்லை என்றால் அரை நிமிடமாவது மோட்டாரை ஆறவிடு.

பட்டன் வண்டியில் இத்தனையும் நடக்கிறது, ஆனால் உன் விரல் எதையும் இணைப்பதில்லை. நீ அழுத்தியதும் வண்டிக்குள் இருக்கும் ஆன்டெனா 125 கிலோஹெர்ட்ஸில் சாவியைக் கூப்பிடும். உன் பையில் கிடக்கும் சாவி 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியென்றால் ஸ்டியரிங் பூட்டை ஒரு சின்ன மோட்டார் விடுவிக்கும். கிளட்ச் அல்லது பிரேக் மிதிபட்டிருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். பிறகுதான் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச், மூடி செல்ஃப் சுற்றும். எஞ்சின் பிடித்ததும் செல்ஃபை விடுவிப்பதும் கம்ப்யூட்டரே, அதனால் பல் தேய்கிற பேச்சே இல்லை. இதெல்லாம் ஒரு விநாடிக்குள் முடிகிறது. ஆக, சாவி திருகுவது கட்டளை, பட்டன் அழுத்துவது விண்ணப்பம். நடுவில் ஐந்தாறு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வண்டி அசையாது.

யார் மறுத்தார்கள் என்று கண்டுபிடிக்கும் வழி இதுதான். கிளட்ச் வண்டி என்றால் முதலில் கால்மிதி விரிப்பைப் பார். அது மடிந்து கிளட்சுக்கு அடியில் போயிருந்தால் மிதி கடைசி வரை இறங்காது, மேலே இருக்கும் சுவிட்ச் தட்டாது, பட்டன் வேலை செய்யாது. ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்து, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல். எரியவில்லை என்றால் பெரும்பாலும் பிரேக் சுவிட்ச் போயிருக்கும். சின்னப் பொருள், மாற்றுவது சுலபம். முன்சக்கரம் நடைபாதை ஓரத்தில் அழுந்தி நின்றிருந்தால் ஸ்டியரிங் பூட்டின் கம்பி இறுகிக் கிடக்கும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே பட்டனை அழுத்து. சாவி வண்டியிலும் இதே வைத்தியம்தான்.

சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் பதறாதே. பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரிதான் உள்ளே இருக்கும். அது செத்தாலும் சாவிக்குள் பேட்டரி தேவைப்படாத ஒரு சிப் இருக்கிறது. சாவியைப் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல வண்டிகள் ஏற்றுக்கொள்ளும். சிலவற்றில் அதற்கென்று ஒரு குழி இருக்கும், அது எங்கே என்று கையேட்டில் முதல் நாளே பார்த்துவிடு. கதவைத் திறக்க சாவியின் உடம்புக்குள் உலோகச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். அதையும் ஒரு தடவை உருவிப் பார்த்துவிடு.

வண்டியின் பேட்டரிக்கு இரண்டு முறையிலும் மன்னிப்பு கிடையாது. நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி தீர்ந்தது. டக்டக்டக் என்று விடாமல் அடித்தால் பேட்டரி டவுன். ஒரே ஒரு டக், அப்புறம் அமைதி என்றால் செல்ஃப் மோட்டாரையோ சாலினாய்டு காண்டாக்டையோ சந்தேகப்படு. பேட்டரி முனையும் எர்த் வயரும் இறுக்கமா, பச்சை பூத்திருக்கிறதா என்று அதற்கு முன்னால் பார். விளக்கு நன்றாக எரிந்தும் சத்தமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சுவிட்சுப் பக்கம்.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற இடம், நிறுத்துவது. இதை இரண்டு முறை படி.

நின்ற வண்டியில் பட்டனை லேசாக ஒரு தட்டுத் தட்டினாலே எஞ்சின் அணையும். தினமும் அப்படித்தான் அணைப்பாய், கை அதற்கே பழகும். ஓடுகிற வண்டியில் அந்தத் தட்டு எதுவும் செய்யாது. தவறுதலாக விரல் பட்டு அணைந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் 2, 3 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது வேகமாக மூன்று தடவை அழுத்த வேண்டும். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்ஸஸ் இஎஸ் 350-இல் வேறு வண்டியின் விரிப்பு ஆக்சிலரேட்டரைக் கவ்விக்கொண்டது. வண்டி நிற்காமல் ஓடி, உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். அந்த வண்டியின் பட்டனை 3 விநாடி பிடிக்க வேண்டும். அந்த வேகத்தில், அந்தப் பயத்தில், இரவல் வண்டியில், அது யாருக்குத் தோன்றும்? உன் வண்டிக்கு எத்தனை விநாடி என்பதைக் கையேட்டில் பார்த்து, சும்மா நிற்கும்போது பட்டன்மேல் கட்டைவிரலை வைத்து அத்தனை எண்ணிப் பழகு.

ஆக்சிலரேட்டர் சிக்கினால் முதலில் தொட வேண்டியது பட்டனும் இல்லை, சாவியும் இல்லை. கிளட்சை மிதி, நியூட்ரலுக்குத் தள்ளு. எஞ்சின் அலறும், அலறட்டும். அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பார்த்துக்கொள்ளும். ஸ்டியரிங்கில் கியர் மாற்றும் துடுப்பு வைத்த பல வண்டிகளில் இரண்டு துடுப்பையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல் விழும். பிரேக்கை ஒரே மிதியாக அழுத்திப் பிடி. விட்டுவிட்டு மிதித்தால், பிரேக்குக்குக் கைகொடுக்கும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். முழு த்ராட்டிலில் எஞ்சின் மறுபடி வேக்குவம் தராது. வண்டி நின்ற பிறகு அணை. ஓட்டத்திலேயே அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சாவி வண்டியில் ஏசிசி வரை மட்டும் திருப்பு. சாவியை உருவாதே, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அணைந்ததும் ஸ்டியரிங் கனக்கும், அதற்கும் தயாராக இரு.

சாவிதான் பத்திரம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதே. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது, செவ்ரோலே கோபால்ட் உட்பட. சுவிட்சுக்குள் நிலையைப் பிடித்து நிறுத்தும் சின்ன முளையும் ஸ்பிரிங்கும் போதுமான இறுக்கத்தோடு இல்லை. கொத்துச்சாவியின் கனத்திலோ முழங்கால் இடித்தோ சாவி ஆனிலிருந்து ஏசிசிக்கு நழுவியது. எஞ்சின் அணைந்தது, ஏர்பேகும் உறங்கிவிட்டது. 124 உயிர்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். சாவி வண்டி வாங்கினால் அந்த வளையத்தில் வண்டிச் சாவி மட்டும் தொங்கட்டும். வீட்டுச் சாவி, பொம்மை, எதுவும் வேண்டாம்.

பட்டன் வண்டிக்கு வேறு இரண்டு தொல்லை. சாவி பையிலேயே இருப்பதால் எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போய்விடலாம். வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜில் இப்படி விட்டுப்போய் கார்பன் மோனாக்சைடில் இறந்தவர்கள் உண்டு. ஹைபிரிட் வண்டியில் எஞ்சின் சத்தமே கேட்காமல் நின்று, பிறகு தானாக ஓடும், அது இன்னும் மோசம். இறங்கும் முன் மீட்டர் முழுதும் இருண்டதா என்று பார். இரண்டாவது திருட்டு. ஒருவன் உன் வாசலருகே, இன்னொருவன் வண்டியருகே நின்று, சாவியின் ரேடியோ அலையைக் கருவி வைத்து எட்ட வைப்பார்கள். வண்டி சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பித் திறந்துகொள்ளும். சாவியை அலை புகாத உலோக இழைப் பையில் போட்டு வை. பையில் போட்டபின் வண்டியருகே போய்க் கதவு திறக்கிறதா என்று சோதித்துப் பார். பை கிழிந்தாலோ இழை மடிந்து உடைந்தாலோ பயன் இல்லை.

பட்டன் புதுசு என்று உனக்கு யாராவது சொன்னால் நம்பாதே. 1912 கேடிலாக்கில் மின்சார செல்ஃப் வந்ததிலிருந்து வெகுகாலம் பட்டனோ கால் மிதியோதான். சாவியைத் திருகியே ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தை 1949-இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த போர்ஷேயில் சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு இடது புறம் இருக்கும். பிரான்சின் லெமான்ஸ் கார் பந்தயத்தில் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிவந்து வண்டியில் ஏறிய காலத்தில், இடது கை சாவியைத் திருக, வலது கை கியர் போட வசதி என்பார்கள். 1969-இல் ஜாக்கி இக்ஸ் என்ற பந்தய வீரர் அந்த ஓட்டம் ஆபத்து என்று காட்ட நடந்தே வந்து, கடைசியாகக் கிளம்பி, அந்தப் பந்தயத்தையே வென்றார். அடுத்த வருடம் முதல் வண்டிக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் தொடக்கம். போர்ஷே 911-லும் திருகும் குமிழ் 2024 வரை தாக்குப்பிடித்தது. அதற்குப் பின் அங்கேயும் பெரும்பாலான மாடல்களில் பட்டன் வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், ஹோண்டா எஸ்2000 செய்ததுதான் சரி. சாவியைப் போட்டு ஆனுக்குத் திருப்ப வேண்டும், பிறகு கிளட்சை மிதித்து சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். ஃபெராரி எஃப்430-இலும் சாவியைத் திருப்பி, ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை அழுத்துவதுதான் முறை. அணைக்கும் அதிகாரம் சாவியில், சுழற்றும் வேலை பட்டனில். கொஞ்சம் பழைய சாவி வண்டியை வாங்கினால் உன்னாலேயே இப்படி மாற்ற முடியும். பட்டன் ஆசையும் தீரும். செய்முறை சொல்கிறேன்.

பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு ஆரம்பி. சாவி சுவிட்சிலிருந்து செல்ஃபுக்குப் போகும் 50-ஆம் வயரைப் பிரித்து, சுவிட்சுப் பக்க முனைக்கு இன்சுலேஷன் போட்டுக் கட்டிவிடு. நடுவில் 40 ஆம்பியர் ரிலே ஒன்று. அதன் 30-ஆம் காலுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், 87-ஆம் காலிலிருந்து சாலினாய்டுக்கு அதே தடிமன். 86-க்கு சாவி ஆனில் வரும் கரண்ட், பட்டன் வழியாக. 85 கிளட்ச் சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. 86-க்கும் 85-க்கும் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் டையோடு ஒன்று, கோடு போட்ட முனை 86 பக்கம். இல்லாவிட்டால் ரிலே விடும்போது வரும் பின்னடி பட்டனின் காண்டாக்டைக் கருக்கும். பட்டன் அழுத்தினால் மூடி, விட்டால் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். பட்டனையே நேராக சாலினாய்டுக்கு இணைக்காதே. சாலினாய்டு இழுக்கும் நொடியில் 30 ஆம்பியருக்கு மேல் போகும், சின்ன பட்டன் உருகி ஒட்டிக்கொண்டால் செல்ஃப் நிற்காது. ரிலே காயிலுக்குத் தேவை ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

சாவியே வேண்டாம் என்று முழு பட்டன் கிட் விற்பார்கள். வாங்காதே. சரியான சிப் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசரை ஏமாற்ற உன் மாற்றுச் சாவியின் சிப்பை டாஷ்போர்டுக்கு அடியில் ஒட்டிவைக்கச் சொல்வார்கள். அப்புறம் அந்த வண்டியைக் காப்பது வெறும் கண்ணாடிதான். ஸ்டியரிங் பூட்டையும் கழற்றுவார்கள்.

டிராக்குக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். அங்கே சாவியும் பட்டனும் போதாது. வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் எட்டும் கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும், வெளியே நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியோடு. இரண்டு முனை சுவிட்ச் வாங்கி ஏமாறாதே. அது பேட்டரியை மட்டும் பிரிக்கும், எஞ்சினோடு சுழன்று கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரே கரண்ட் கொடுத்து எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு முனை உள்ளதை வாங்கு. அது இக்னிஷனையும் சேர்த்து வெட்டும், ஆல்டர்னேட்டரில் மிஞ்சும் கரண்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்கும். பொருத்தியபின் எஞ்சின் ஓடும்போதே திருப்பிப் பார். நின்றால்தான் சரியாக மாட்டியிருக்கிறாய்.

பழைய வண்டி எதுவானாலும், கையெழுத்துப் போடும் முன் சாவி இரண்டையும் வாங்கி, இரண்டாலும் தனித்தனியே ஸ்டார்ட் செய்து பார். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே மற்றதைச் சோதித்தால் எது வேலை செய்கிறது என்று தெரியாது. ஒன்றை இருபது அடி தள்ளி வைத்துவிட்டு வந்து பார். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போ. நீ வரும் முன் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு.

அன்புடன்,
அப்பா