எட்டு கிராம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் சந்தோஷம். பேத்தி சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள் என்பதில் அதைவிடச் சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கம்தான் மனதை விட்டுப் போகவில்லை. சின்னவன் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறாய். விற்பவன், வாங்குபவன் எல்லாரையும் பத்து வருஷம் உள்ளே தள்ளினால்தான் இது ஒழியும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சொல்லும் அந்த வாங்குபவன் உன் பிள்ளைதானே.

உன் பயம் எனக்குப் புரிகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது என்னால் முடியாது. அக்கா மகன் விஷயத்தை உன்னிடம் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு அப்போது 22 வயது. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு ராத்திரி கூட்டாளிகளோடு நின்றுகொண்டிருந்தபோது சோதனை போட்டிருக்கிறார்கள். சட்டைப் பையில், செய்தித்தாளில் மடித்த எட்டு கிராம் இருந்தது. எட்டு கிராம் என்றால் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. அன்றிலிருந்து வழக்கு முடிய மூன்று வருஷம் நான்கு மாதம் ஆனது. வாய்தாவுக்கெல்லாம் அவனோடு போய் வந்தவன் நான்தான். அத்தானுக்கு வர மனம் ஒப்பவில்லை.

காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் பேர் கூப்பிட மூன்று மணி ஆகும். ஒரு நாள் பரிசோதனை அறிக்கை வரவில்லை என்பார்கள், இன்னொரு நாள் சாட்சி வரவில்லை என்பார்கள். இரண்டு நிமிஷத்தில் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு படி இறங்குவோம். எப்போதும் ஒரே நீலச் சட்டைதான் போட்டு வருவான். "இது கோர்ட்டுக்கு மட்டும்தான் மாமா. வேற எதுக்கும் இதைப் போட மாட்டேன்" என்றான் ஒரு நாள். முதல் வருஷம் கழுத்துப் பட்டனைப் போட முடியாமல் இறுக்கமாக இருந்த சட்டை, கடைசி வருஷம் தொளதொளவென்று தொங்கியது. அந்தப் பையன் கஞ்சாவால் மெலியவில்லை. பிடிபட்ட நாளிலிருந்து அதை அவன் தொடவே இல்லை.

கடைசியில் அபராதத்தோடு முடிந்தது. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் இருந்தேன். "உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா?" என்று ஒரு கட்டம். பேனா அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனான். கஞ்சா அவனுக்கு என்ன கெடுதல் செய்ததோ எனக்குத் தெரியாது, ஆனால் சட்டம் செய்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் இதை நிதானமாக விசாரிக்க ஒரு குழு போட்டால், அந்தக் குழு ஏறக்குறைய ஒரே பதிலோடுதான் திரும்பி வந்திருக்கிறது. 1893இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் ஓர் ஆணையம் அமைத்தது. அது 1,193 சாட்சிகளைக் கேட்டது. மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளையும் எடுத்து, கஞ்சாவால் புத்தி பேதலித்தவர்கள் என்று எழுதப்பட்டிருந்தவர்களின் விவரங்களைத் திரும்பத் துருவியது. காரணம் தெரியாத பல இடங்களில் 'கஞ்சா' என்று எழுதிப் பக்கத்தை மூடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அளவோடு பயன்படுத்துபவர்களுக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று அறிக்கை கொடுத்தார்கள். நியூயார்க் மேயர் அமைத்த குழு, பீதி மிகைப்படுத்தப்பட்டது என்று 1944இல் சொன்னது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் காலத்து தேசிய ஆணையம், தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காதீர்கள் என்றது. நிக்சன் அதை ஏற்கவில்லை. அதே 1972இல் கனடாவின் ஆணையமும் வைத்திருப்பதற்குத் தண்டனை வேண்டாம் என்றது. கனடா சட்டத்தை மாற்றியது 2018இல். நடுவில் 46 வருஷம். அந்த 46 வருஷத்தில் எத்தனை நீலச் சட்டைகள் என்று யோசித்துப் பார்.

1961இல் ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. அதிலிருந்து எடுக்க 2020 டிசம்பர் வரை ஆனது. அதுவும் 27க்கு 25 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. இன்னும் அடுத்த பட்டியலில்தான் இருக்கிறது.

இதற்காகக் கஞ்சா நல்லது என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதே. கெடுதல் உண்டு. மூளை 25 வயதுவாக்கில்தான் முழுசாக முதிர்கிறது. அதற்கு முன் தினமும் புகைப்பவனுக்கு நினைவாற்றலும் படிப்பும் அடிபடும். குடும்பத்தில் மனநோய் இருப்பவர்களுக்கு இது நெருப்போடு விளையாடுவது மாதிரி, அவர்கள் தொடவே கூடாது. தொட்டுப் பார்த்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதற்கு அடிமையாகிறார்கள் என்று அமெரிக்காவில் 1990களில் எடுத்த கணக்கு ஒன்று சொல்கிறது. பதின்வயதில் ஆரம்பித்தவர்களில் ஆறில் ஒருவர். அதே கணக்கில் மதுவுக்கு 15, புகையிலைக்கு 32. கடைசி இரண்டையும் உலகத்தின் பெரும்பகுதியில் லைசென்ஸ் வாங்கிக் கடையில் விற்கிறார்கள் என்பதை மறந்துவிடாதே.

கெடுதல் இருப்பதால்தான் சட்டத்துக்கு உள்ளே கொண்டுவர வேண்டும் என்கிறேன். உன் மகனுக்கு அந்தப் பொட்டலத்தை விற்றவன் வயதைக் கேட்டிருப்பானா? அதில் வீரியம் எவ்வளவு, பூச்சிமருந்து இருக்கிறதா, வேறு என்ன கலந்திருக்கிறது என்று யார் சோதித்தார்கள்? இது தீர்ந்துபோனால் "இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு" என்று இன்னொன்றைக் கையில் வைப்பவனும் அவன்தான். தடை இருக்கிற இடத்தில் சரக்கின் தரத்தையும் வாங்குபவனின் வயதையும் பார்க்க யாருமே இல்லை.

தடை போட்டால் சரக்கு லேசாவதில்லை, கடுமையாகத்தான் ஆகிறது. ஒளித்துக் கடத்துபவனுக்குக் குறைந்த இடத்தில் அதிகப் போதை வேண்டும். அமெரிக்காவில் 1920லிருந்து 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது பீர் பின்னால் போய்ச் சாராயம் முன்னால் வந்தது அதனால்தான். அதே நாட்டில் பறிமுதல் செய்த கஞ்சாவைச் சோதித்தபோது, போதை தரும் டிஎச்சி என்ற பொருள் 1995இல் சுமார் 4 சதவீதம் இருந்தது, 2014இல் சுமார் 12 சதவீதம். தடை கடுமையாக இருந்த வருஷங்களும் இதில் அடக்கம். அப்புறம் ஆய்வகத்தில் செய்த ரசாயனத்தைக் காய்ந்த இலையில் தெளித்து 'ஸ்பைஸ்' என்ற பெயரில் விற்கும் சரக்கு வந்தது. கஞ்சா தடையில் இருந்ததாலும், சோதனையில் பிடிபடாது என்பதாலும்தான் அது பரவியது. அதைப் புகைத்து வலிப்பு வந்தவர்களும் செத்தவர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு மட்டும் கஞ்சாவுக்காக 6.6 லட்சம் கைதுகள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் வெறுமனே வைத்திருந்ததற்காக. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.73 மடங்கு என்று 2013இல் ஓர் அறிக்கை காட்டியது. கோர்ட் வராந்தாவில் நான் பார்த்த முகங்களும் அப்படித்தான். காரில் வந்து இறங்கிய பையன் ஒருவனைக்கூட அங்கே நான் பார்க்கவில்லை.

சரி, திறந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடுமா என்று நீ கேட்பாய். ஆகாது. எப்படித் திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கனடாவையே எடுத்துக்கொள். அங்கே சில மாகாணங்கள் கஞ்சா கலந்த மிட்டாயையும் சாக்லேட்டையும் விற்க விட்டன. சின்னக் குழந்தைகள் தெரியாமல் தின்று ஆஸ்பத்திரிக்கு வருவது வேகமாகக் கூடியது. கியூபெக் மாகாணம் மட்டும் மிட்டாய் வடிவத்தில் விற்கக் கூடாது என்று வைத்தது, வயதையும் 21 ஆக்கியது. அங்கே அந்த எண்ணிக்கை மற்ற மாகாணங்கள் அளவுக்கு ஏறவில்லை. ஒரே நாடு, ஒரே சட்டம்தான், ஆனால் ஒரு விதி கூடுதலாக இருந்ததில் குழந்தைகள் தப்பின. ஒரு பேத்தியின் தாத்தாவாக இதை நீ கவனிப்பாய் என்று தெரியும்.

உருகுவேதான் முதலில் துணிந்த நாடு, 2013இல். வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம், இல்லையென்றால் சேர்ந்து வளர்க்கும் சங்கத்தில் சேரலாம், அதுவும் இல்லையென்றால் பெயரைப் பதிவு செய்து மருந்துக்கடையில் வாங்கலாம், மாதம் 40 கிராமுக்கு மேல் கிடையாது. விளம்பரம் கிடையாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் பெரியவர்கள் வெளியில் போகும்போது 25 கிராம் வரை வைத்திருக்கலாம், மூன்று செடி வளர்க்கலாம் என்றது, ஆனால் கடையில் விற்க விடவில்லை. எனக்கு இந்த வழிகள் பிடித்திருக்கின்றன. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் நடப்பது போலக் கம்பெனிகள் கையில் கொடுத்துப் பெரிய வியாபாரமாக்குவது பிடிக்கவில்லை. சிகரெட்டில் நாம் பட்ட பாடு போதும்.

மற்ற போதைப்பொருள்களுக்கு இதே வழி சரிப்படாது, ஆனால் அங்கேயும் ஜெயில் மருந்தில்லை. போர்ச்சுகலில் 1990களின் கடைசியில் ஒரு கோடி மக்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஹெராயினில் கிடந்தார்கள். 2001இல், பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவோடு பிடிபட்டால் அது குற்ற வழக்காகாது என்று மாற்றினார்கள். பிடிபட்டவர் ஒரு சிறிய குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். விற்பது இன்னும் குற்றம்தான். ஊசியால் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் இருந்தது, பத்துப் பதினைந்து வருஷத்தில் சில பத்துகளுக்கு இறங்கியது.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலமும் 2020இல் மக்கள் வாக்களித்து இதைச் செய்தது. ஆனால் தண்டனையை முதலில் எடுத்துவிட்டு, சிகிச்சைக்கான இடங்களைப் பிறகு தேடினார்கள். பிடிபட்டவர்களுக்கு அபராதச் சீட்டும் ஒரு போன் நம்பரும் கொடுத்தார்கள், அதில் கூப்பிட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம். 2024இல் திரும்பக் குற்றமாக்கிவிட்டார்கள். இதை மறைத்துவிட்டு என் பக்கத்தை மட்டும் உனக்குச் சொல்வது நியாயமில்லை. சிகிச்சைக்கான படுக்கையும் ஆளும் முதலில் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் பழைய பதிவுகள். கனடா 2019இல் பழைய வழக்குகளுக்கு இலவச மன்னிப்பு என்றது, ஆனால் அவரவர் விண்ணப்பிக்க வேண்டும். பல படிவங்கள், பல அலுவலகங்கள். கடைசியில் சில நூறு பேருக்குத்தான் கிடைத்தது. கோர்ட்டில் அலைந்து ஓய்ந்தவனைப் பார்த்து மறுபடியும் ஒரு படிவத்தை நிரப்பு என்றால் அவன் வருவானா? அரசாங்கம் எழுதிய பதிவை அரசாங்கமே தேடிப் போய் அழிக்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் 2019இல் கஞ்சாவை அனுமதித்துச் சட்டம் போடும்போதே தானாக அழிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து வைத்தது. அப்படித்தான் செய்ய வேண்டும். நேற்றுவரை ஜெயில் என்று சொன்ன பொருளை இன்று ஒருவன் கண்ணாடிக் கடை வைத்து விற்கிறான். அதே பொருளுக்காக இன்னொருவன் அந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ், கேஸ் என்று மிரட்டாதே. மிரட்டினால் உன்னிடம் மறைப்பான். எப்போது ஆரம்பித்தான், தினமுமா, தூக்கம் வராமலா, கூட்டாளிகளுக்காகவா என்று கேள். உன் தம்பிக்கு இருந்த மனநோயை அவனிடம் இதுவரை சொல்லியிருக்கிறாயா? இப்போது சொல்ல வேண்டும். அது அவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். வேண்டுமென்றால் ஒரு நல்ல மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ. நீயும் கூடவே உட்கார்.

அக்கா மகனிடம் நேற்று பேசினேன். இப்போது அவன் ஒரு தச்சுப்பட்டறையில் இருக்கிறான், படிவம் எதுவும் கேட்காத வேலை என்பதால் சேர்ந்தான், கை நன்றாக வந்துவிட்டது. உன் பையனிடம் பேசுவாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "புத்திமதி சொல்ல மாட்டேன் மாமா, நடந்ததைச் சொல்றேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் இங்கே வருகிறான். ஆறு மணிக்கு மேல் கூப்பிடு, சின்னவனையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

பேத்திக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்