ஒரு யூரோ வீடு கேட்ட மகளுக்கு

பலெர்மோ,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

இந்தச் சிசிலித் தீவில் மலைமேல் இருக்கிற கான்ஜியில் இன்னும் ஒரு யூரோவுக்கு வீடு கொடுக்கிறார்களா என்று போன கிழமை சிரித்துக்கொண்டே கேட்டாய். நான் வாயெடுக்குமுன் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். தொலைபேசியில் நீ எப்போதும் ஒரு பஸ்ஸில் ஏறுகிறாய், இல்லையென்றால் இறங்குகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வைத்துவிட முடியாது பார்.

கேட்டது விளையாட்டுக்கென்றாலும் விசாரித்தேன். ஆகஸ்ட் விடுமுறைக்கு, வேலை வீட்டுச் சிஞ்ஞோராவை அவருடைய ஊரான கான்ஜிக்குக் கூட்டிப் போனோம். நெடுஞ்சாலையால் போயிருந்தால் பொழுதோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். சிஞ்ஞோராவுக்கோ கடலைப் பார்க்காமல் மலையேறக் கூடாது. ஆகவே செஃபலூ, காஸ்தெல்புவோனோ, ஜெராச்சி என்று சுற்றிப் போனோம். வளைவுக்கு வளைவு நான் தேசிக்காயை மணந்துகொண்டிருந்தேன்.

செஃபலூவின் பழைய சலவைத் துறையில் இரும்பு வாய்களால் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கத் தலையொன்றின் வாய்க்குள் நீ கைவிட, “சிங்கத்தை நம்பாதே” என்று அப்பா இழுத்தாரே, அந்தத் தலையும் அப்படியே இருக்கிறது. மேலே தேவாலயத்துக்கும் போனேன். 1131இல் ரொஜர் மன்னன் தொடங்கிய கோயில். பீடத்துக்கு மேலே, பொன் பதித்த கண்ணாடித் துண்டுகளால் 1148இல் செய்த அந்தப் பெரிய கிறிஸ்து. கையில் விரித்திருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இரண்டையும் வாசித்து ஆசிரியையை வாயடைக்க வைத்தவள் நீ. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி வரிசையில் எனக்காக நின்று, சன்னலுக்கு எட்டாத உயரத்தில் அதிகாரியோடு சிசிலிக்காரி போலக் கதைத்தவளும் நீ. இத்தனை மொழி தெரிந்த பிள்ளைக்கு என்னோடு கதைக்க மட்டும் சொல் வரவில்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கான்ஜி உச்சியிலிருந்து சரிந்து வழிகிற ஊர். வானம் தெளிந்த நாளில் எட்னா எரிமலை தெரியும். 2014இல் இத்தாலியின் அழகான ஊர் என்று தொலைக்காட்சிப் போட்டியில் பரிசு வாங்கியது. பக்கத்திலுள்ள பெத்ராலியா சொப்ரானாவுக்கும் 2018இல் அதே பரிசு கிடைத்தது. அது இன்னும் உயரம், 1,147 மீட்டர். பரிசு கிடைத்ததென்று எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? அமெரிக்காவுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சிஞ்ஞோரா வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். கீழ்த்தளம் கழுதைத் தொழுவம். சுவரில் கட்டுகிற இரும்பு வளையம், கீழே கல்லில் தீவனத் தொட்டி. மாடிப்படி ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறுகிற அகலம். மேலே, மனிதர் இருந்த அறையில், கூரையைப் பிளந்துகொண்டு அத்திமரம் நிற்கிறது. ஆணியில் ஒரு சட்டி இன்னும் தொங்குகிறது, அடி கறுத்தபடி. ஒரு யூரோ என்பது பேச்சுக்குச் சொல்கிற விலை. குறித்த காலத்துக்குள் திருத்திக் கட்டுவதாக ஒப்புக்கொண்டு பிணைப்பணம் கட்ட வேண்டும். நொத்தாரிசு செலவும் வாங்குகிறவர் தலையில். வாரிசுகள் உலகமெல்லாம் சிதறியிருந்தால் ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் அலைய வேண்டும். கொக்குவில் வீட்டு உறுதிக்குச் சின்ன மாமா பட்ட பாடு உனக்குத் தெரியாததா? ஆகவே எந்தக் காகிதமானாலும் கையெழுத்து வைக்குமுன் என்னிடம் சொல். வீட்டுக் காகிதம் என்றில்லை, எந்தக் காகிதமானாலும்.

அந்த ஊருக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1926 ஜனவரியில் முசோலினியின் அதிகாரி சேசரே மோரி கொள்ளையரைப் பிடிக்க ஊரை வளைத்தான். மலையோடு ஒட்டிய வீடுகளில் மறைவறைகள். அவர்கள் அங்கே பதுங்கிக்கொண்டார்கள். தண்ணீரை நிறுத்தி, பெண்டு பிள்ளைகளைப் பிடித்துப் பணயம் வைத்த பிறகுதான் சரணடைந்தார்கள். சிஞ்ஞோராவின் தாயார் அப்போது சிறுமி. “ஒளிந்தது ஆண்கள், குளிரில் நின்றது பெண்கள்” என்பாராம். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மருமகன் பொங்கலுக்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. வேலை அதிகம் என்கிறாய். அதிகமாகத்தான் இருக்கும். லண்டன் தேருக்கு நீ தனியாக வந்திருந்ததாகச் சின்ன மாமி சொன்னார். கழுத்தில் தாலிக்கொடி இல்லை என்றும் சொன்னார். அங்கே களவு அதிகம், வீட்டில் பத்திரமாக வைத்திருப்பாள் என்று நான்தான் அவர் வாயை மூடினேன். அப்பாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

காஸ்தெல்புவோனோவைச் சொல்ல விட்டுவிட்டேன். 1316இல் வென்திமிலியா குடும்பம் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள், சிற்றாலயத்தில், புனித அன்னம்மாளின் மண்டையோட்டை வெள்ளியில் பொதிந்து வைத்திருக்கிறார்கள். மரியாளின் தாய். அவரும் ஒரு மகளைப் பெற்றவர்தானே என்று இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்று உனக்கு. மற்றது யாருக்கு என்று உனக்குத் தெரியும், அதற்காக என்னைக் கோபிக்காதே.

அங்கேயே மன்னா வாங்கினேன். கோடையில் ஒருவகை மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறிவிடுகிறார்கள், நம்மூரில் பாளை சீவுவதைப் போல. வடிகிற சாறு வெயிலில் வெள்ளையாக உறைந்து தொங்குகிறது. இடையில் மழை பெய்தால் எல்லாம் கரைந்து போய்விடும். நாக்கில் வைத்தால் குளிர்ச்சியாக இனிக்கிறது. வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று கொஞ்சமாகத்தான் சாப்பிடச் சொன்னார்கள். பார்சலில் அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. படத்தில் முகம் வற்றிப்போயிருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஓம் என்கிறாய், என்ன கறி என்று கேட்டால் பஸ் வந்துவிடுகிறது.

செப்டெம்பர் 4, பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியாவின் மலை ஏறுகிறோம். உருத்திராட்சம் போட்ட நம் சனம்தான் வழக்கம்போல் அதிகமாக வரும். குகைக் கூரையில் சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகளால் ஏந்தி வைத்திருப்பதைச் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாய். ரொசாலியா நல்ல குடும்பத்துப் பெண். தனியாகப் போய் மலையில் இருந்தாள். பல நூற்றாண்டு கழித்து, 1624இல், கொள்ளைநோய்க் காலத்தில் எலும்பு கிடைத்த பிறகுதான் ஊர் திரண்டு ஏறியது. நான் அந்த ஊரைப் போல் இருக்கமாட்டேன் பிள்ளை. உயிரோடு இருக்கும்போதே தேடி வருவேன். விசா இல்லாவிட்டாலும் வருவேன் என்று அப்பாவிடம் சொன்னால் திட்டுவார்.

சிஞ்ஞோரா உன்னை விசாரித்தார். நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று சொன்னேன். அதில் பொய் இல்லையே?

உன் அறையை வாடகைக்குக் கேட்டு ஒரு பொடியன் வந்தான். கொடுக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. பழைய மெத்தை குழிவிழுந்துவிட்டது, புதிதாக வாங்கப்போகிறோம். வெள்ளிக்கிழமை வரைதான் விலைக்கழிவு. ஒற்றை மெத்தையா இரட்டையா என்று மட்டும் ஒரு வரி எழுது. எதுவென்றாலும் வாங்குகிறேன்.

அன்புடன்,
அம்மா