கல்வெட்டைப் படித்ததற்குத் தண்டனையா?

ஆசிரியருக்கு,

என் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். வரலாறு மாதிரித் தேர்வில் சோழர் கால ஊராட்சி பற்றிய கட்டுரைக் கேள்வியோடு உத்திரமேரூர்க் கல்வெட்டின் சில வரிகளையும் கொடுத்திருந்தார்கள். நல்ல காரியம்தான். அவளும் வரிகளைப் படித்துப் பார்த்தே எழுதினாள்: ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் இடக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு, 35 முதல் 70 வரை வயது எல்லாம் வேண்டும், ஆகவே இது எல்லோருக்குமான ஜனநாயகம் அல்ல. கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் தடை என்பதைக்கூட அவள் விடவில்லை.

பத்துக்கு நான்கு. ஓரத்தில் சிவப்பு மையில், ‘நோட்ஸில் உள்ளபடி எழுதவும்.’

நானும் வரலாறு நடத்தியவள்தான். ஒருமுறை பிள்ளைகளை அந்தக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே கூட்டிப்போனேன். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஒரு பையன் சுவரில் ‘ட’, ‘ப’ என்று எழுத்துக் கூட்டியதில் மதிய சாப்பாட்டையே மறந்துவிட்டான்.

சான்றைக் கொடுத்தால், அதைப் படித்து எழுதியதற்கென்று தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். இல்லையென்றால் அந்த வரிகளை அச்சடிக்கும் தாளாவது மிச்சமாகட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
செங்கல்பட்டு