இந்தச் சில கிலோமீட்டருக்காவது டீசலை நிறுத்துங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்துபோகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பொறுப்பான அனைவருக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் வீட்டு வாசலில் மூன்று கண்டெய்னர் லாரிகள் என்ஜினை அணைக்காமல் நின்றன. பதினொரு மணிக்கு வந்தவை, விடிகாலை நாலு மணிக்குத்தான் நகர்ந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் கிளேர்வுட்டில் இது புதிதில்லை, உங்களுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒன்பது வயது, ஆஸ்துமா பிள்ளை.

ஜன்னல்களை எல்லாம் மூடினோம். ஈரத் துண்டைச் சுருட்டிக் கதவடியில் வைத்தோம். ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு தடவை ஆஸ்துமா பம்ப் கொடுத்தும் இளைப்பு அடங்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. "ஆயா, அந்த லாரியைப் போகச் சொல்லு" என்றான். போய்ச் சொன்னேன். டிரைவர் மரியாதையான மனிதர், உடனே அணைத்தார். பத்து நிமிடத்தில் முன்னால் இருந்த லாரி கொஞ்சம் நகர, அவரும் மறுபடி என்ஜினைப் போட வேண்டியதாயிற்று. அவரும் இருமிக்கொண்டுதான் இருந்தார். காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இலையைத் துடைத்தேன், விரல் கறுத்துவிட்டது.

டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2012லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. பக்கத்து மெரேபேங்க்கில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆய்வு செய்தபோது, ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருந்தது. அதற்கு அப்போது ஓடிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் குளிர்காலத்தில் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும்போது, எது யார் விட்ட புகை என்று நுரையீரலுக்குத் தெரியுமா?

லாரியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. என் தம்பி மகனும் லாரிதான் ஓட்டுகிறான். ஜோகன்னஸ்பர்க் போகும் வண்டியைப் பற்றியும் இப்போது பேசவில்லை. துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையிலிருந்து கிளேர்வுட், ஜேக்கப்ஸ் கண்டெய்னர் டிப்போக்களுக்கு நாள் முழுக்க போய்வரும் லாரிகளைத்தான் சொல்கிறேன். ஓடுவது சில கிலோமீட்டர், மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்பது. பேட்டரி லாரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது? நிற்கும்போது அதில் மோட்டார் சுற்றாது, புகையும் வராது. ராத்திரி டிப்போவில் சார்ஜ் போட்டால் போதும். இந்தச் சில கிலோமீட்டருக்காவது டீசலை நிறுத்துங்கள். துறைமுகத்துக்குள்ளே கண்டெய்னர் தூக்கும் இயந்திரங்களையும் அப்படியே மாற்றுங்கள்.

விலை அதிகம் என்பீர்கள். சரி, ஒற்றை லாரி வைத்திருப்பவர் தலையில் அதைக் கட்டாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2022 ஏப்ரலிலிருந்து சரக்கேற்றிய 20 அடி கண்டெய்னருக்கு 10 டாலர் வசூலித்து, அந்தப் பணத்தை லாரி மாற்றுவதற்குக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் சரக்குக்காரர். இங்கே ஏன் முடியாது? நம் மின்சாரமே நிலக்கரிதானே என்பீர்கள். உண்மை, அந்த மின்நிலையப் புகையைச் சுவாசிக்கும் ம்புமலாங்கா மாகாண மக்களும் நம்மைப் போல மனிதர்கள்தான். அதனால்தான் உங்கள் கிடங்குக் கூரைகளில் சோலார் தகடு போடச் சொல்கிறோம். இத்தனை பெரிய கூரைகள் வெயிலில் சும்மா கிடக்கின்றன.

அந்தக் கூரைகளுக்காக நாங்கள் இழந்தவற்றை நினைத்தால் வயிறு எரிகிறது. குதிரைப் பந்தய மைதானம் போய்க் கிடங்குகள் வந்தன. ரயிலில் போக வேண்டிய கண்டெய்னரை எல்லாம் சாலைக்குத் தள்ளினீர்கள். சுப்பிரமணியர் கோயில் காவடிக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் மிதிக்கும் சாலையில் டீசல் சொட்டிக் கிடக்கிறது. எங்கள் ஊர் உங்களுக்கு லாரி நிறுத்துமிடமாக மட்டும்தான் தெரிகிறதா?

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: துறைமுகத்துக்கும் டிப்போவுக்கும் நடுவே ஓடும் லாரிகளைப் புகையில்லா லாரிகளாக மாற்றுங்கள். எந்த வருடம் தொடங்குவீர்கள், எத்தனை லாரி என்று எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை, ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடுகள் இருக்கும் தெருக்களில் வரிசை நிற்காதபடி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்கால விடுமுறைக்கு என் பேரன் மறுபடி வருகிறான்.

இப்படிக்கு,
கிளேர்வுட்டில் குடியிருக்கும் ஓர் ஆயா