ஷாரன் ஃபிரிசுவா பற்றி சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மகளை நன்றாக ஓய்வெடுக்கச் சொல். நான் சாயங்காலம் பள்ளி மைதானத்துக்குப் போவதை இன்னும் விடவில்லை. புதிதாக வந்திருக்கும் பி.டி. மாஸ்டரும் தங்கமான பிள்ளை, என்னை வரவேண்டாம் என்று சொல்வதில்லை.

அப்புறம், நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டரில் கடைசியாக வந்த பெண்ணைக் கேலி செய்து யாரோ போட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, சேகர். அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பெயர் ஷாரன் ஃபிரிசுவா. பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகள் நாட்டைச் சேர்ந்தவர். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானை 3 மணி 2 நிமிடத்தில் ஓடி முடித்தவர். தகுதி நேரத்தை யாரும் எட்டாத சிறிய நாடுகளுக்கென்று ஒலிம்பிக்கில் ஓர் இடம் ஒதுக்குவார்கள். அந்த இடத்தில் இவரைப் பாரிஸில் 100 மீட்டரில் இறக்கிவிட்டார்கள். 14.31 விநாடி ஆனது. குறுந்தூரம் ஓடும் பெண்ணுக்குப் போகவேண்டிய வாய்ப்பு இது என்று அவர்கள் ஊரிலேயே பேச்சு எழுந்தது. அது நியாயமான பேச்சு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஓடிய பெண்ணைக் கேலி செய்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

அவரைப் பார்க்கவேண்டிய இடம், பசிபிக் தீவுகள் கூடி விளையாடும் பசிபிக் விளையாட்டுப் போட்டி. 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் அங்கே தங்கம் வென்றவர் அவர்.

இந்தப் போட்டி வந்த கதையே எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1959ல் இன்றைய பாப்புவா நியூ கினியில் உள்ள ரபாவுலில் நடந்த ஒரு மாநாட்டில் ஃபிஜியின் டாக்டர் சாஹு கான் யோசனையை முன்வைத்தார். 1963ல் ஃபிஜியின் சுவாவில் முதல் போட்டிக்கு 13 தீவு நாடுகளும் பிரதேசங்களும் கூடின. அப்போது ஃபிஜிக்கே விடுதலை கிடைக்கவில்லை, அது 1970ல்தான். லண்டனும் பாரிஸும் ஆண்டுகொண்டிருந்த தீவுகளின் பிள்ளைகள், பக்கத்துக் கடல்காரர்களை ஒரே மைதானத்தில் சந்தித்தார்கள். இன்று 24 அணிகள் வருகின்றன. பக்கவாட்டில் மிதவைக் கட்டை கட்டிய படகில் ஆறு பேர் துடுப்புப் போடும் வாஆ பந்தயமும் பதக்கப் போட்டி. அதில் பிரான்சின் ஆட்சியில் உள்ள தாஹித்தித் தீவை அசைக்க முடியாது. உலகின் பெரிய போட்டிகளில் கொடியேந்தி நடந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இங்கே ஜெயிக்கிறார்கள். தன் ஊர்க்காரர் ஜெயிப்பதைப் பார்த்த பிள்ளைதான் மறுநாள் ஓட வரும். இத்தனை வருடம் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

2023ல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் நடந்தது. சீனா கட்டிக்கொடுத்த 10,000 இருக்கை மைதானம். எனக்கு ஒப்பாத விஷயங்களும் உண்டு. போட்டியைக் காரணம் காட்டி நாடாளுமன்றத் தேர்தலையே 2024க்குத் தள்ளிவைத்தார்கள். வீரர்களைத் தங்கவைக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். வாத்தியாராக இருந்தவனுக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. இருந்தாலும், கால்பந்து இறுதியாட்டத்தில் சொந்த மண்ணில் பெனால்ட்டியில் நியூ கலிடோனியாவிடம் தோற்ற அந்த மக்களின் வேதனையை நினைத்தால் மனம் கனக்கிறது. அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தார்கள்.

அடுத்தது 2027ல் தாஹித்தியில். முடிந்தால் சேர்ந்து பார்க்கலாம், இணையத்தில் காட்டுவார்கள்.

உனக்கு அந்த வீடியோவை அனுப்பியவர்களுக்கு ஷாரன் யார் என்பதையும் எழுதி அனுப்பு. தை பிறந்ததும் பேத்தியைப் பார்க்க நாங்கள் இருவரும் வருகிறோம். தொட்டில் வாங்கிவிட்டாயா, இல்லை நான் கொண்டுவரட்டுமா? பதில் போடு.

அன்புடன்,
ராஜு